காயலில் இறங்கிய குதிரைகள்: பாண்டியர் பரி பேணல் குறித்த ஒரு தீர்ப்பின் மறுஆய்வு

பாண்டிய நாட்டில் வந்திறங்கிய அரபு, பாரசீகக் குதிரைகள் ஓராண்டுக்குள் மடிந்துபோயின. அவற்றைப் பேணவும் பழக்கவும் இங்குள்ளவர்களுக்குத் தெரியவில்லை. அதனால்தான் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் பொன்னைக் கொட்டிப் புதுக்குதிரை வாங்க நேர்ந்தது. தென்னிந்தியக் கடல் வணிகம் பற்றி எழுதுவோர் பலர் இதை முடிந்த முடிபாகவே எடுத்துக்கொள்கின்றனர். இதற்குச் சான்றாக வழக்கமாகக் காட்டப்படுபவை இரண்டு. ஒன்று, 1292-ஐ ஒட்டி மாபார் எனப்பட்ட பாண்டியர் கடற்கரைக்கு வந்ததாகக் கருதப்படும் மார்க்கோ போலோவின் கூற்று. மற்றது, ஷீராஸ் நகரத்தில் இருந்தபடி மங்கோலிய இல்கான்களின் வரலாற்றைப் பாரசீகத்தில் எழுதிய வசாஃபின் கூற்று. இந்த இரண்டையும் ஒன்றாகக் கோத்து, ஒன்றை மற்றொன்றுக்குத் துணைச்சாட்சியாக நிறுத்திய பெருமை சர் ஹென்றி யூலைச் சேரும். 1871-இல் வெளிவந்து, 1903-இல் கோர்டியேயின் திருத்தங்களோடு மீண்டும் வந்த அவருடைய போலோ பதிப்பின் குறிப்புகள் இன்றும் மேற்கோளாக எடுத்தாளப்படுகின்றன. இக்கட்டுரை அந்தக் கோப்பை அவிழ்த்துப் பார்க்கும் முயற்சி.

யூலின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. கொல்லத்தையும் காயலையும் நிலப்படத்தில் குறிக்க அவர் பட்ட பாட்டின் மேல்தான் நாம் எல்லோரும் நிற்கிறோம். ஆனால் குதிரை பற்றிய குறிப்பில் அவர் மூன்று காரியங்களைச் செய்துவிட்டார். போலோவின் சொல்லுக்கு இருக்கும் பாடபேதங்களில் கடுமையான பாடத்தை மூலத்தில் வைத்தார். வசாஃபின் கூற்றைத் தனிச்சாட்சியாகக் கொண்டார். தாமே அதே குறிப்பில் எடுத்துக்காட்டிய மூன்றாவது சான்று முதலிரண்டுக்கும் முரணாக நிற்பதைக் கவனிக்காமல் விட்டார்.

மூன்றாவதிலிருந்து தொடங்குவது எளிது. மாலிக் காபூர் 1311-இல் தெற்கிலிருந்து கொண்டுபோன கொள்ளைப் பொருளில் அரபு, சிரியக் குதிரைகள் 5,000 இருந்ததாக அமீர் குஸ்ரோ எழுதுகிறார். யூல் இதை வசாஃபின் பத்திக்கு அடுத்தாற்போலச் சேர்த்திருக்கிறார். போலோவின் கணக்குப்படி ஆண்டு முடிவில் நூறு குதிரைகூட மிஞ்சாத நாட்டில் ஒரு படையெடுப்பில் 5,000 குதிரை எப்படிக் கிடைத்தன? அரசவைப் புலவரின் எண் ஆயிற்றே, கூட்டிச் சொல்லியிருப்பார் எனலாம். போசளர் தலைநகரான துவாரசமுத்திரத்தில் பிடித்தவையும் அந்தக் கணக்கில் கலந்திருக்கலாம். அவ்வாண்டு புதிதாக வந்திறங்கியவையாக இருக்கலாம் என்றும் வாதிடலாம். ஆனால் இத்தனை சமாதானம் தேடவேண்டிய எண்ணை, சமாதானம் எதுவும் இன்றி, குதிரையெல்லாம் செத்தொழிந்தன என்ற கூற்றுக்குத் துணையாக வைப்பது சான்றை எடைபோடும் முறையாகாது.

இனிப் பாடபேதத்துக்கு வருவோம். யூலின் மூலத்தில் போலோ சொல்வதன் சாரம் இது: அரசன் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறான், அரசர்களாகவே இருக்கும் அவனுடைய தம்பியர் நால்வரும் அப்படியே வாங்குகின்றனர், ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை, காரணம், இம்மக்களுக்குக் குதிரையை நடத்தத் தெரியாது, குதிரை வைத்தியரும் லாடம் கட்டுவோரும் இங்கே இல்லை. இன்னோரிடத்தில், வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் குதிரைக்குத் தீனியாகப் போடுகின்றனர், அதனால்தான் குதிரைகள் மடிகின்றன என்ற தீர்ப்பும் அதே மூலத்தில் வருகிறது.

1559-இல் வெனிஸ் நகரத்தில் ரமூசியோவின் தொகுப்பில் அச்சான பாடம் வேறு. அதை 1818-இல் மார்ஸ்டன் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அதில் குதிரைகளின் எண்ணிக்கை ஐயாயிரம். மிஞ்சுவது முந்நூறுக்கும் குறைவு. எண்களைக் காட்டிலும் காரணம் சொல்லும் முறைதான் முக்கியமானது. தக்க பராமரிப்பாளரும் மருந்து கொடுப்போரும் இல்லாமையே காரணம் என்று அங்கே பிறர் கருத்தாகச் சொல்லப்படுகிறது. அதை அடுத்து, ‘ஆனால் என் கருத்து வேறு’ என்னும் தோரணையில் ஒரு வாக்கியம் வருகிறது. இந்நாட்டின் தட்பவெப்பம் குதிரை இனத்துக்கு ஒவ்வாதது. வளர்க்கவும் காக்கவும் முடியாமல் போவது அதனால்தான் என்கிறது அது. சோறும் இறைச்சியும் கொடுப்பதைக்கூட அந்தப் பாடம் குற்றமாகச் சொல்லவில்லை. நெல்லைத் தவிர வேறு தானியம் இங்கே விளையாததால் அப்படிக் கொடுக்கிறார்கள் என்று காரணத்தோடு சொல்லி நகர்ந்துவிடுகிறது.

இந்த வாக்கியம் யூலின் மூலப் பகுதியில் இல்லை. ரமூசியோவின் கூடுதல் செய்திகள் பலவற்றை அவர் பகர அடைப்புக்குள் மூலத்தோடு இணைத்துத் தந்திருக்கிறார் என்பதை நினைத்தால் இந்த விடுபாடு உறுத்துகிறது. இணைத்திருந்தால் பத்தியின் போக்கே மாறியிருக்கும். அறியாமை என்பது கேள்விச்செய்தியாகவும், தட்பவெப்பம் என்பது பயணியின் சொந்தக் கணிப்பாகவும் பிரிந்திருக்கும்.

அந்த வாக்கியம் போலோவினுடையதுதானா என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. ரமூசியோ பல சுவடிகளை வைத்துக்கொண்டு, தம் காலத்து வாசகருக்கு ஏற்பத் தொடுத்தும் விளக்கியும் எழுதியவர். வெனிஸ் வணிகர் வழியாக அவர் காதில் விழுந்த பதினாறாம் நூற்றாண்டுக் கருத்து போலோவின் வாயில் ஏற்றப்பட்டிருக்கலாம். அப்படியே இருந்தாலும் என் வாதத்துக்குக் குறைவில்லை. குதிரைகள் மடிந்ததற்கு அறியாமையே காரணம் என்ற விளக்கம் போலோவின் பாடமரபிலேயே ஒருமனதாக இல்லை என்பது மட்டும் இங்கே போதும்.

வசாஃபின் பத்திதான் நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. அவர் குதிரையின் சாவைப் பற்றிப் பேசுவதைவிடப் பழக்குமுறையைப் பற்றியே அதிகம் பேசுகிறார். எலியட், டவ்சன் தொகுப்பின் மூன்றாம் தொகுதி வழியாக நமக்குக் கிடைக்கும் செய்தி இது: இங்கே வந்த குதிரைக்குப் பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும் நெய் சேர்த்த தானியமும் கொடுக்கிறார்கள், காய்ச்சிய பசும்பால் குடிக்கவைக்கிறார்கள், கொழுக்கவேண்டும் என்று கயிறும் முளையும் கொண்டு நாற்பது நாள் லாயத்தில் கட்டிப்போடுகிறார்கள், பிறகு எந்தப் பயிற்சியும் கொடுக்காமல், அங்கவடி முதலிய சாதனமும் இல்லாமல், பேய்போல ஏறி ஓட்டுகிறார்கள், கொஞ்ச நாளில் வலிமையும் விரைவும் கொண்ட குதிரை தளர்ந்து, மந்தித்து, எதற்கும் உதவாததாகிவிடுகிறது.

இதைச் சொன்னவர் யார்? வசாஃப் மாபாருக்கு வந்தவரல்லர். பார்ஸ் மாகாணத்தின் வரி நிர்வாகத்தில் இருந்தவர். அதே பார்ஸின் வரியைக் குத்தகைக்கு எடுத்தவர், கிஷ் தீவின் பெருவணிகர் ஜமாலுத்தீன் தீபி. ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்பும் உடன்படிக்கை அவருடையது. அவருடைய தம்பி தகியுத்தீன் அப்துர் ரகுமான் பாண்டிய அரசவையில் அமைச்சரும் ஆலோசகருமாக இருந்தார். காயல் உள்ளிட்ட துறைகள் அவர் கையில் இருந்தன. விற்பவர் அண்ணன், வாங்கும் இடத்தில் அதிகாரம் செலுத்துபவர் தம்பி, இருவர் புகழையும் எழுதுபவர் வசாஃப். இந்தக் குடும்பத்தின் வழியாக அல்லாமல் பாண்டிய லாயத்தின் செய்தி அவருக்கு எட்டியிருக்கும் என்று நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

போலோவும் வணிகர் கூட்டத்தோடு கலந்து வந்தவர். ஹொர்முஸ், கிஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரை ஏற்றிவரும் கப்பல்கள் தொடும் துறை என்று காயலைப் பற்றி அவரே சொல்கிறார். தாமிரபரணி முகத்துவாரத்தை அடுத்த இன்றைய பழையகாயல்தான் அது. குதிரை வணிகர்கள் வைத்தியர் எவரையும் அழைத்து வருவதில்லை, போக விரும்புபவரையும் தடுத்துவிடுகின்றனர், குதிரை சாகச்சாகத்தான் அவர்களுக்கு ஆதாயம் என்றும் போலோவே எழுதியிருக்கிறார். இவ்வளவு வெளிப்படையான ஆதாய நோக்கத்தைப் படித்த பிறகும், அந்த வணிகரின் வாய்மொழியை இரண்டு நூல்களில் கண்டதும் இரண்டு சாட்சி என்று எண்ணிவிட்டார் யூல்.

எண்களும் இதையே சுட்டுகின்றன. போலோவின் கணக்கில் அரசர் ஐவருக்கும் தலைக்கு இரண்டாயிரம் என்றால் பத்தாயிரம். வசாஃபிலும் பத்தாயிரம் உண்டு. ஒத்துப்போவதாகத் தோன்றும் இந்த எண்ணைப் பின்னால் வந்தோர் பாண்டியரின் ஆண்டுக் கொள்முதல் என்றே எழுதிவருகின்றனர். வசாஃபின் பத்தியைப் பொறுமையாகப் படித்தால் செய்தி வேறாக இருக்கிறது. அந்தப் பத்தாயிரம் பார்ஸை ஆண்ட அத்தாபெக் அபூபக்கர் காலத்துக் கணக்கு. அவர் ஆட்சி 1260-இல் முடிந்துவிட்டது. அந்தக் குதிரைகளும் மாபாருக்கு மட்டும் போனவை அல்ல. காம்பே முதலிய துறைகளுக்கும் சேர்த்துச் சொன்ன தொகை. குதிரைக்கு 220 செம்பொன் தினார் வீதம் 22 லட்சம் தினார் என்று வசாஃப் பெருக்கியும் காட்டியிருக்கிறார். ஒரு தலைமுறைக்கு முந்தைய, பல துறைகளுக்குப் பொதுவான ஒரு முழு எண், வணிகரிடையே வாய்ப்பாடுபோல வழங்கிவந்து போலோவின் காதில் ‘இரண்டாயிரம், ஐந்து அரசர்’ என்று விழுந்திருக்கக்கூடும். இது ஊகம்தான். ஆயினும் விலை விஷயத்தில் இருவரும் ஒத்துப்போகவே இல்லை. போலோவின் 500 சாஜ்ஜி (ஓர் எடையளவு) பொன், வசாஃபின் 220 தினாரைப்போல எடையில் இரு மடங்குக்கு மேல் வருகிறது. தனித்தனியே விசாரித்தவர்கள் விலையில் நெருங்கியும் எண்ணிக்கையில் விலகியும் இருப்பார்கள். இங்கே தலைகீழாக இருக்கிறது.

அப்படியானால் வசாஃப் சொன்ன நெய்யும் பாலும் நாற்பது நாளும் பொய்யா? பொய்யல்ல என்றே நினைக்கிறேன். அவர் பார்க்காததை யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவருக்கு அதன் பொருள் புரியவில்லை.

தீனியை முதலில் எடுத்துக்கொள்வோம். அர்த்தசாத்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில் குதிரைக் கண்காணிப்பாளர் பற்றிய இயல் இருக்கிறது. ஷாமசாஸ்திரி அதை மைசூரிலிருந்து அச்சேற்றியது 1909-இல். யூல் 1889-இலேயே மறைந்துவிட்டார். எனவே அதைக் காணாத குறை அவருடையதன்று. அந்த இயல் தலைத்தரக் குதிரைக்கு வகுக்கும் ஒரு நாள் உணவில் நெல்லரிசி, வாற்கோதுமை, தினை போன்ற தானியம் ஊறவைத்தோ வேகவைத்தோ இரண்டு துரோணம் வருகிறது. அதோடு ஒரு பிரஸ்தம் எண்ணெய், 5 பலம் உப்பு, 50 பலம் இறைச்சி, சாறு அல்லது தயிர், 5 பலம் சர்க்கரை, கள் அல்லது பால். போலோவைத் திகைக்கவைத்த சோறும் இறைச்சியும், வசாஃபைத் திகைக்கவைத்த பாலும் கொழுப்பும் ஒரே பட்டியலில் இருக்கின்றன. இந்தியாவில் எழுத்தில் நிலைபெற்ற பழைய பத்தியம் இது. அக்பரின் லாயங்களிலும் வேகவைத்த பயறு, நெய், சர்க்கரை என்றுதான் தீனி போயிற்று. அபுல் பசல் அதை விவரமாக எழுதியிருக்கிறார். இத்தீனியே குதிரையைக் கொல்லும் என்றால் முகலாயக் குதிரைப்படை ஒரு தலைமுறைகூடத் தாங்கியிருக்காது.

தமிழ்ச் சான்றும் இருக்கிறது. அதை இந்த விவாதத்துக்குள் கொண்டுவந்தவர் எவரையும் நான் கண்டதில்லை. புறநானூற்று 299-ஆம் பாட்டு, பொன்முடியார் பாடியது. துறை குதிரை மறம். சீறூர் மன்னன் ஒருவனுடைய குதிரை உழுந்தின் சக்கையைத் தின்று தளர்நடை போடுவது. பெருவேந்தருடைய குதிரைகள் நெய்ம்மிதி உண்டு, பிடரிமயிர் கத்தரித்து, மாலை சூடி நிற்பவை. போர் என்று வந்தபோது சீறூரான் குதிரை படையைப் பிளந்துகொண்டு போயிற்று. நெய் தின்ற குதிரைகள் ஒதுங்கி நின்றன.

இந்தப் பாட்டு இரண்டு பக்கமும் வெட்டும். நெய் பிசைந்த கவளத்தைப் போர்க்குதிரைக்குக் கொடுப்பது, வசாஃபுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முன்பே தமிழகத்து வேந்தர் வழக்கமாக இருந்தது என்பது ஒரு பக்கம். கொழுக்க ஊட்டி நிறுத்திவைத்த குதிரை களத்தில் உதவாது என்ற கண்டனமும் அதே பழமையோடு இங்கேயே எழுந்திருக்கிறது என்பது மறுபக்கம். பாட்டு, வேந்தரின் செருக்கைச் சீறூரின் மறத்தோடு ஒப்பிட எழுந்ததுதான். குதிரை வளர்ப்பு நூலாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் கேட்பவர் ஒப்புக்கொள்ளாத எதையும் ஒப்புமையாக வைத்து ஒரு புலவர் வெல்ல முடியாது. ஊட்டத்தைவிட உழைப்புப் பழக்கமே குதிரைக்கு உடல்நலம் என்ற அறிவு சபையில் இருந்தவர்களுக்குப் பொதுவாக இருந்தது என்றே கொள்கிறேன்.

நாற்பது நாள் கட்டிப்போட்டதற்கு வருவோம். குதிரை எப்படி வந்தது என்பதை இங்கே நினைவில் கொள்ளவேண்டும். ஹொர்முஸின் கப்பல்களைப் பற்றிப் போலோ வேறோர் அதிகாரத்தில் எழுதியிருக்கிறார். அவை ஆணியில்லாமல் தென்னை நாரால் தைத்தவை, மேல்தளம் இல்லாதவை. சரக்கைத் தோலால் மூடி, அந்தத் தோலின் மேலேயே இந்தியாவுக்கு விற்கப்போகும் குதிரைகளை நிறுத்துவார்களாம். தென் அரேபியாவின் சபார் துறையிலிருந்து மலையாளக் கரைக்கு நல்ல காற்றிருந்தால் ஒரு மாதம் என்கிறார் இபன் பதூதா. கோழிக்கோட்டிலிருந்து சபாருக்கு அவரே 28 நாளில் போயிருக்கிறார். காயலுக்கு வரவேண்டுமானால் குமரியையும் சுற்றவேண்டும். அத்தனை நாளும் குதிரை படுக்க இடமின்றி, நடக்க வழியின்றி, தலையைத் தாழ்த்தக்கூட முடியாமல், அலையில் ஆடும் தோல்பரப்பின் மேல் காலை ஊன்றி நின்றிருக்கிறது. நெடும்பயணத்தில் தலையை உயர்த்திக் கட்டிய குதிரைக்கு நுரையீரலில் சீழ்க்காய்ச்சல் பிடிக்கும் என்பது இன்றைய கால்நடை மருத்துவர்கள் நன்கறிந்த விஷயம். இறங்கியதும் ஏறி ஓட்டினால் செத்துவிடும். கட்டிவைத்து, வறுத்த தானியமும் பாலும் கொடுத்துத் தேற்றியவர்களுக்குக் குதிரை தெரியும்.

நாற்பது என்ற கணக்கு இங்கே மண்டலக் கணக்கை நினைவூட்டுகிறது. மருந்துக்கும் விரதத்துக்கும் ஒரு மண்டலம் குறிப்பது நம் வழக்கம். பாரசீக எழுத்திலும் நாற்பது வழக்கமான முழு எண் என்பதால் இதை நான் வற்புறுத்தவில்லை. முளையும் கயிறும் கொடுமையின் அடையாளமாக வசாஃபுக்குப் பட்டிருக்கலாம். முன்னங்காலையும் பின்னங்காலையும் முளையடித்துக் கட்டுவது இந்தியா முழுக்க லாய வழக்கம். ஆங்கிலேயக் குதிரைப்படையே பின்னங்கால் கயிற்றை இங்கிருந்து எடுத்துக்கொண்டது.

எஞ்சுவது பேய்போல ஓட்டினார்கள் என்ற குற்றச்சாட்டு. இங்கேதான் சான்று மிகக் குறைவு. எனவே கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். இந்தியப் பரிநூல்கள் பழக்குதலை மருத்துவத்திலிருந்து பிரித்துப் பார்த்ததில்லை. அர்த்தசாத்திரத்தின் அதே இயல் குதிரையைக் கடுமை, நன்மை, மந்தம் என்னும் மூன்று குணத்தால் பிரித்து, குணத்துக்குத் தகுந்த வேலை கொடுக்கச் சொல்கிறது. தேர்க்குதிரை ஒரு நாளில் போகும் தொலைவுக்கு 6, 9, 12 யோசனை என்று தரத்துக்குத் தரம் அளவு வைக்கிறது. லாயத்தில் குரங்கு, மயில், மான், கீரி, கிளி, மைனா எல்லாம் இருக்கவேண்டும் என்கிறது. நோயுற்ற குதிரைக்குத் தவறான மருத்துவம் செய்து நோய் முற்றினால் செலவைப்போல இருமடங்கு தண்டம். குதிரை இறந்தால் அதன் விலையே தண்டம். போராலும் நோயாலும் மூப்பாலும் தளர்ந்த குதிரைக்கு வேலையின்றியே உணவு போடவேண்டும் என்கிறது. குதிரை உழைத்த உயிர், அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்ற எண்ணம் இல்லாத இடத்தில் இப்படி ஒரு விதி பிறக்காது.

சவுக்கைப் பற்றிய விதி இன்னும் நுட்பமானது. அசுவசாத்திர மரபில் வழங்கும் கருத்து ஒன்று சுக்கிரநீதியிலும் வருகிறது. குதிரை மிரண்டால், இடறினால், கனைத்தால், கவனம் சிதறினால் ஒவ்வொன்றுக்கும் தொடவேண்டிய இடம் ஒன்று உண்டு. இடம் தவறி அடித்தால் குதிரைக்குப் பல குற்றங்கள் படியும். அவை அது உயிரோடு இருக்கும் வரை நீங்கா. குதிரையின் கெட்ட குணத்தை மனிதன் உண்டாக்குகிறான் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா? சுக்கிரநீதியின் காலம் பெரிய சிக்கல். பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை அதை இறக்குவோரும் உண்டு. எனவே அதைப் பாண்டியர் காலச் சான்றாக நான் காட்டவில்லை. கருத்து பழையது, அது தங்கிய நூலின் வயது தெரியவில்லை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நகுலன் பெயரில் வழங்கும் அசுவசாத்திரம் தஞ்சைச் சரசுவதி மகால் நூலகத்தின் வெளியீடாக 1952-இல் படங்களோடு அச்சாயிற்று. அம்மரபு தமிழகத்து அரண்மனைக்குள் பேணப்பட்டது என்பதற்கு அது சாட்சி. எந்த நூற்றாண்டிலிருந்து பேணப்பட்டது என்பதற்குச் சாட்சியாகாது.

காலத்தாலும் இடத்தாலும் நெருக்கமானது மானசோல்லாசம். கல்யாணியில் ஆண்ட மேலைச் சாளுக்கியன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் 1130-ஐ ஒட்டி இயற்றப்பட்டது. போலோவுக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்தியது. அதில் குதிரையேறிப் பந்தாடும் அரச விளையாட்டுக்கு ஒரு பகுதியே இருக்கிறது. பந்தாட்டத்தில் குதிரை பாய்ந்தோடும் நிலையிலேயே கடிவாளத்தின் சிறு அசைவுக்கு நிற்கவும் திரும்பவும் வேண்டும். பக்கத்தில் உராயும் குதிரைக்கு மிரளக் கூடாது. அடித்துப் பணியவைத்த குதிரையிடம் அந்த நிதானம் வராது. தக்காணத்து அரசன் விளையாட்டுக்கு வைத்திருந்த பழக்குநர்கள், அவனோடு போரிட்டும் மணவுறவு கொண்டும் வாழ்ந்த தமிழ் வேந்தருக்கு மட்டும் கிடைக்காமல் போனார்கள் என்பதை நம்ப முடியவில்லை. முதலாம் இராசராசன் காலத் தஞ்சைக் கல்வெட்டுகளில் குதிரைச் சேவகர் என்ற படைப்பிரிவு பெயரோடு வருகிறது. மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் சோழ, பாண்டியக் கல்வெட்டுகளில் வருகிறார்கள்.

இவ்வளவும் நூலறிவு, லாயத்தில் நடந்தது இதுதான் என்பதற்கு உறுதி ஏது என்று கேட்பது நியாயம். அந்தக் கேள்வியில்தான் வசாஃபுக்கு ஓரளவு இடம் கொடுக்கிறேன். ஒரு குதிரையை மிரட்டாமல் பழக்கப் பல மாதம் வேண்டும். ஒரு கைக்கு ஒரு வேளையில் இரண்டு மூன்று குதிரைக்கு மேல் அடங்காது. ஆயிரத்து நானூறு குதிரை ஒரே பருவக்காற்றில் வந்திறங்கினால் அத்தனை கைக்கு எங்கே போவது? போசளரோடும் பிறகு தங்களுக்குள்ளேயும் பாண்டியர் போரிட்ட காலம் அது. தேறிய குதிரையை நேரே படைக்கு அனுப்பியிருப்பார்கள். பழகாத சேவகன் பழகாத குதிரைமேல் ஏறியிருப்பான். அப்படி நடந்திருந்தால் வசாஃபுக்குச் செய்தி சொன்னவர் கண்டது உண்மையே. அதற்குப் பெயர் அறியாமையல்ல; அவசரமும் ஆள் பற்றாக்குறையும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வரலாற்றில் பெரிது.

உடன்படிக்கையும் குதிரைக்கு எதிராகவே இருந்தது. கடலில் செத்த குதிரைக்கும் அரச கருவூலம் விலை கொடுக்கும் என்பது வசாஃப் சொல்லும் நிபந்தனை. இருநூறு ஆண்டு கழித்துச் சாளுவ நரசிம்மனும் அப்படியே கொடுத்தான் என்கிறார் போர்த்துக்கீசியரான நூனிஸ். கடலில் செத்த குதிரையின் வாலைக் காட்டினால் போதும், உயிருள்ளதற்கு உண்டான விலை கிடைக்கும். கரையேறிய பிறகு என்ன ஆனாலும் விற்றவருக்குப் பொறுப்பில்லை. குதிரை எந்த நிலையில் வந்தாலும் ஆதாயம் குறையாத வணிகருக்கு, வழியில் அதற்கு நிழலும் நீரும் அசைய இடமும் கொடுக்க என்ன கட்டாயம் இருந்தது? இங்கே மடிந்த குதிரைகளில் ஒரு பகுதி கப்பலிலேயே பாதி செத்தவை என்பதுதான் என் முடிவு.

ரமூசியோ பாடத்தின் தட்பவெப்ப விளக்கத்தையும் முழுதாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. ஈக்கள் பரப்பும் சர்ரா நோயின் கிருமியை 1880-இல் கிரிபித் எவான்ஸ் கண்டுபிடித்தது பஞ்சாபில். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அது காயல் பக்கம் இருந்ததா என்பதைச் சொல்ல வழியில்லை. போலோ சொல்லும் வேறொரு செய்தி இன்னும் பயனுள்ளது. நல்ல குதிரைக்கும் நல்ல பெட்டைக்கும் இங்கே பிறக்கும் குட்டி கால் கோணி, ஏறத் தகாததாக இருக்குமாம். சுண்ணச்சத்துக் குறைந்து, தவிடும் தானியமும் மிகுந்த தீனியில் குதிரையின் எலும்பு கெடும் என்பது நிறுவப்பட்ட உண்மை. நெல் தவிட்டில் சுண்ணம் குறைவு, பாஸ்பரஸ் மிகுதி. ஆகவே தீனியில் குறை இருந்திருக்கலாம். அது போலோ பழித்த இறைச்சியில் அல்லாமல் தவிட்டில் இருந்திருக்கலாம். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், பவளச் சுண்ணப்பாறை மேலே உள்ள நெடுந்தீவில், போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் வளர்த்த குதிரைகளின் வழிவந்த மட்டக்குதிரைகள் இன்றும் மேய்ப்பாரின்றித் திரிகின்றன. அதே வெயில், அதே உப்புக்காற்று. குதிரை இனம் இக்கடற்கரையில் தழைக்கவே முடியாது என்பதற்கு நெடுந்தீவு மறுப்பு. இந்த ஒப்பீடு பிற்காலக் குதிரையைப் பற்றியது, சிறு உருவக் குதிரையைப் பற்றியது என்பதையும் மறைக்கவில்லை.

எத்தனை குதிரை வந்தது, எத்தனை செத்தது என்பதை இப்போதிருக்கும் சான்றால் கூற முடியாது. போலோ காயலின் லாயங்களைக் கண்ணால் கண்டாரா என்பதும் தீரவில்லை. ஆனால் மூன்று திருத்தங்களை இனித் தள்ளிப்போட வேண்டியதில்லை. போலோவின் குதிரைப் பத்தியை எடுத்தாள்வோர் ரமூசியோவின் வாக்கியத்தையும் சேர்த்து எடுத்தாள வேண்டும். வசாஃபின் பத்தாயிரத்தை, போலோ வந்தபோது ஆண்ட குலசேகர பாண்டியன் காலத்துக் கொள்முதலாக எழுதுவதை நிறுத்த வேண்டும். இவ்விருவரையும் ஒருவரையொருவர் அறியாத இரண்டு சாட்சிகளாக எண்ணுவதையும் கைவிட வேண்டும். சரசுவதி மகாலின் அசுவசாத்திரத்தைப் பிற ஊர்ச் சுவடிகளோடு ஒப்பிட்டு, பழக்குமுறை பற்றிய பகுதிகளுக்கு மட்டுமாவது காலம் காண இளம் ஆய்வாளர் ஒருவர் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.